மலிவு வால்வு ஆம்ப்ளிஃபயர்: மூன்று டிசைன்களும் ஒரு திருத்தமும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், "ரெண்டாயிரம் ரூபாயில் வால்வு ஆம்ப்" என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஒரே ஒரு இஎல்84 வால்வு, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் கடையில் கிடைக்கிற 230க்கு 9 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, தகர டப்பாவில் சேஸிஸ். இங்கே நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று சத்தத்தைக் கெடுக்கும். இன்னொன்று ஆளையே காலி பண்ணிவிடும். அந்த டிசைனையும், அதே விலை வட்டாரத்தில் வரும் மற்ற டிசைன்களையும் எடுத்து வைத்து, எது எங்கே நிற்கிறது, எது எங்கே ஏமாற்றுகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

திருத்தம் எழுத வைத்தவன் என் சித்தப்பா மகன். எங்கள் பூர்வீகம் காட்டூர், பழவேற்காடு ஏரியை ஒட்டிய பக்கம். அவன் ஏரியில் தொழில் செய்கிறவன். சின்ன வயசிலிருந்து ரேடியோ பைத்தியம். என் குறிப்பைப் படித்து, ரிச்சி தெருவில் சாமான் வாங்கி, அவனே கட்டினான். முதல் நாள் போனில் சொன்னது: "இன்னாண்ணா, பாட்டு கேக்கலாம்னு பாத்தா திருவிழாக் குழாயை வூட்டுக்குள்ள மாட்டின மாதிரி கீது." நான் சிரித்து, ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

ரெண்டாவது போன் சித்தி பண்ணினார். ஏரிக் காத்தில் வால்வு சாக்கெட் பச்சை பூத்துவிட்டது. அதைச் சுத்தம் பண்ண வால்வைக் கழற்றியிருக்கிறான். அப்படியே ஒரு தடவை கரண்ட் போட்டு வோல்டேஜ் பார்த்துவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் கையை வைத்திருக்கிறான். அடித்த அடியில் கை உதறி, தகர ஓரத்தில் உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஒரு வாரம் வலை இழுக்க முடியவில்லை. "நீ எழுதினதப் பாத்துதானே பண்ணான்" என்று மட்டும் சித்தி சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் அந்த அடி

வால்வு ஆம்ப்பில் ஃபில்ட்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் இருக்கும். வால்வு மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் கேத்தோடு கொஞ்ச நேரம் சூடாக இருப்பதால், வால்வே அந்தச் சார்ஜைக் குடித்துக் காலி பண்ணிவிடும். அதனால்தான் என் மேஜையில் எனக்கு எதுவும் ஆகவில்லை. நானும் அதையே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டேன். வால்வைக் கழற்றிவிட்டால் சார்ஜ் போக வழி இல்லை. பத்து நிமிஷம் என்ன, நல்ல கெப்பாசிட்டர் என்றால் மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும்.

இதற்கு மருந்து ஒரு ப்ளீடர் மின்தடை. 220 கிலோ ஓம், கெப்பாசிட்டருக்கு நேர் குறுக்கே. 300 வோல்ட்டில் அதில் வீணாவது 0.4 வாட். ஒரு வாட் மின்தடை போட்டால் போதும் (அந்த வோல்டேஜைத் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும்). 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் காலமாறிலி 22 விநாடி. ஒரு நிமிஷத்துக்குள் 30 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். சில்லறைக் காசு விலை. "ரெண்டாயிரத்துக்குள்" என்ற தலைப்புக்காக நான் அதை விட்டேனா என்றால் இல்லை. யோசிக்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

மலிவு டிசைன்களைப் பார்க்கும்போது இனி என் முதல் கேள்வி இதுதான்: மலிவாக்க எதை விட்டிருக்கிறார்கள்? இன்னும் சில சுற்றுகள் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையே விட்டுவிட்டு, 230 வோல்ட் லைனை நேராக டயோடில் கொடுக்கின்றன. சேஸிஸைத் தொட்டால் லைனையே தொட்ட மாதிரி. எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அவற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ரெண்டு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரை முதுகோடு முதுகு சேர்த்தால் (230க்கு 12, பிறகு 12க்கு 230) லைனிலிருந்து பிரிந்த உயர் வோல்டேஜ் கிடைக்கும். நடுவில் இருக்கும் 12 வோல்ட்டில் ரெண்டு 6.3 வோல்ட் ஹீட்டர்களைத் தொடராக எரிக்கலாம். ஒரே ஓட்டத்தில் ரெண்டு வேலை. பழைய நாட்டு வைத்தியம், நல்ல வைத்தியம்.

ஏன் திருவிழாக் குழாய்?

இப்போது சத்தத்தின் தப்பு. என் குறிப்பில் ஒரு கணக்கு சரி. 230க்கு 9 என்றால் சுற்று விகிதம் 25.5. அதன் வர்க்கம் சுமார் 650. 8 ஓம் ஸ்பீக்கர் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் 5.2 கிலோ ஓம். இஎல்84 தரவுத்தாள் 250 வோல்ட், 48 மில்லிஆம்ப் நிலையில் கேட்பதும் அதே 5.2 கிலோ ஓம். இந்தப் பொருத்தத்தைப் பார்த்து நான் மயங்கியது உண்மை.

மறந்தது அந்த 48 மில்லிஆம்ப்பை. சிங்கிள் எண்டட் சுற்றில் அது எப்போதும் ஒரே திசையில் கோரில் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று மாற்றி மாற்றி அடுக்கியவை, நடுவில் காற்று இடைவெளி கிடையாது. நேர் மின்னோட்டத்துக்கென்று செய்ததே இல்லை. என்னிடம் இருந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் சுமை இல்லாமல் 230 வோல்ட் கொடுத்து அளந்தேன்: 14 மில்லிஆம்ப். அதன் கோர் தினமும் சந்திக்கிற அளவு அது. அதற்கு மூன்று மடங்குக்கு மேல் நேர் மின்னோட்டத்தை நான் நிரந்தரமாக ஏற்றியிருக்கிறேன். கோர் பாட்டு வருவதற்கு முன்பே நிரம்பிவிட்டது. பி.இ.யில் ட்ரான்ஸ்ஃபார்மர் பாடம் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவன் எழுதியது இது.

அப்படியென்றால் அது எனக்கு ஏன் பிடித்தது? "வார்ம்" என்று ரெண்டு பாரா எழுதியிருந்தேனே! அதற்கும் கணக்கு இருக்கிறது. பென்டோடாக ஓடும் இஎல்84இன் உள் மின்தடை சுமார் 38 கிலோ ஓம். ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கருக்கு அது 60 ஓம் ஆகத் தெரியும். ஃபீட்பேக் இல்லையென்றால் அது அப்படியே நிற்கும். ஸ்பீக்கரோ எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் கிடையாது. அதன் ஒத்ததிர்வு இடத்தில் 40 ஓம் வரை ஏறும். 60 ஓம் மூலத்திலிருந்து ஓட்டினால், அந்த இடத்தில் மட்டும் வோல்டேஜ் மூன்றரை மடங்கு எகிறும். கிட்டத்தட்ட 11 டெசிபல் தூக்கல். 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு. அடி பேஸ் கோர் நிரம்பியதால் காணோம், மேல் பேஸ் மட்டும் பிதுங்கி நிற்கிறது. எனக்கு "வார்ம்" என்று கேட்டதும் அவனுக்குத் திருவிழாக் குழாய் என்று கேட்டதும் ஒரே மேடுதான். அவன் காது நேர்மையாக இருந்தது.

மூன்று டிசைன்கள்

நம்ம ஊரில் வால்வு சரித்திரம் சின்னது, ஆனால் இருக்கிறது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு தயாரிப்பைத் தொடங்கியது. அவர்களுடைய வால்வுகள் பழைய சரக்காக இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. இஎல்84க்கு அமெரிக்கப் பெயர் 6பிக்யூ5. சோவியத் மாற்று 6பி14பி, இன்றைக்கு விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். சுற்றுகளுக்கு எல்லோரும் கடைசியில் போய் நிற்கிற இடம், இங்கிலாந்து முல்லார்டு கம்பெனி 1959இல் போட்ட ஆம்ப்ளிஃபயர் சுற்றுகள் புத்தகம். வால்வு விற்கிற கம்பெனி வால்வு விற்பதற்காகப் போட்ட புத்தகம்தான். ஆனாலும் ஒழுங்காக அளந்து எழுதியது.

*ஒன்று, முல்லார்டு 3-3.* மூன்று வால்வு, மூன்று வாட். இஎஃப்86 முன்னால், இஎல்84 பின்னால், மூன்றாவது ரெக்டிஃபையர். இதன் அழகு, ரெண்டு வால்வுக்கும் நடுவில் கப்ளிங் கெப்பாசிட்டரே கிடையாது. இஎஃப்86இன் ப்ளேட் நேராக இஎல்84இன் கிரிட்டுக்குப் போகிறது.

இது காட்டூர் மாதிரி இடத்தில் பெரிய விஷயம். உப்புக் காத்திலும் ஈரத்திலும் பழைய கெப்பாசிட்டர் கசிய ஆரம்பிக்கும். முன் வால்வின் ப்ளேட்டில் 150 வோல்ட், கெப்பாசிட்டரின் கசிவு 30 மெகா ஓம் என்று வைத்துக்கொண்டால் 5 மைக்ரோஆம்ப் ஓடும். அது 470 கிலோ ஓம் கிரிட் மின்தடையில் 2.3 வோல்ட் பாசிட்டிவாக ஏறும். இஎல்84க்கு மொத்த பயாஸே 7.3 வோல்ட்தான். கேத்தோடு மின்தடை கொஞ்சம் சமாளிக்கும், ஆனாலும் வால்வு நாளுக்கு நாள் அதிகம் இழுத்து, கடைசியில் ப்ளேட் சிவக்கும். 3-3இல் இந்தக் கெப்பாசிட்டரே இல்லாததால் இந்த நோயும் இல்லை.

குறை: மலிவாக்கக் கை வைத்தால் இந்தச் சுற்று பழிவாங்கும். ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு 1என்4007 டயோடு போட்டால் நூற்றுக்கணக்கில் மிச்சம். ஆனால் ரெக்டிஃபையர் வால்வு மெதுவாகச் சூடாகும். மற்ற வால்வுகள் தயாராகும்போதுதான் வோல்டேஜும் வரும். டயோடு ஸ்விட்ச் போட்ட நொடியே முழு வோல்டேஜையும் தள்ளும். இஎஃப்86 இன்னும் தூங்கிக்கொண்டிருப்பதால் அதன் ப்ளேட்டும், அதோடு ஒட்டிய இஎல்84 கிரிட்டும் மேலே போய் நிற்கும். ரெண்டு வால்வும் கைகோத்து நிற்கிற சுற்று. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் பார்த்தாக வேண்டும். முதல் தடவை கட்டுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

*ரெண்டு, இசிஎல்82.* ஒரே கண்ணாடிக்குள் ட்ரையோடும் பென்டோடும். ஒரு சேனலுக்கு ஒரு வால்வு, ஸ்டீரியோவுக்கு ரெண்டு. சாக்கெட் குறைவு, ஒயரிங் குறைவு, செல்போனிலிருந்து நேராக ஓட்டும் அளவுக்குப் பெருக்கம். காகிதத்தில் இதைவிட மலிவு கிடையாது. டிவிக்காகச் செய்த தம்பி பிசிஎல்82 இன்னும் மலிவு. 16 வோல்ட், 300 மில்லிஆம்ப் ஹீட்டர் மட்டும் ஏற்பாடு பண்ண வேண்டும்.

இதன் பென்டோடு பாதி தாங்குவது 7 வாட்தான். தரவுத்தாள் நிலை 200 வோல்ட், 35 மில்லிஆம்ப். கணக்கு பார்த்தால் அதுவே சரியாக 7 வாட், விளிம்பு. ஆனால் கைக்குக் கிடைத்த ட்ரான்ஸ்ஃபார்மரை வைத்து 250 வோல்ட்டில் 40 மில்லிஆம்ப் ஓட்டுகிற சுற்றுகளை நிறையப் பார்க்கிறேன். அது 10 வாட். இதற்கு மேல் ஊர் கரண்ட் வேறு. லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் சாயங்காலம் 180, நடுராத்திரி 250 வோல்ட். 250 வந்தால் எல்லாமே 9 சதவீதம் கூடும். இஎல்84க்கு 12 வாட் வரை இடம் இருக்கிறது, கொஞ்சம் குறைத்து ஓட்டினால் மூச்சு விடும். இசிஎல்82க்கு அந்த இடமே இல்லை. பென்டோடு செத்தால் நல்ல ட்ரையோடையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். வாங்கும்போது மலிவு, வாழும்போது மலிவில்லை.

*மூன்று, முல்லார்டு 5-10.* ஐந்து வால்வு, பத்து வாட். இஎஃப்86, ஃபேஸ் பிரிக்க ஒரு இசிசி83, கடைசியில் ரெண்டு இஎல்84 புஷ்-புல், ஒரு ரெக்டிஃபையர். புஷ்-புல்லில் ரெண்டு வால்வின் நேர் மின்னோட்டமும் கோரில் எதிரெதிராக ஓடிக் கழிந்துவிடும். நான் மாட்டிக்கொண்ட பிரச்னை இதில் பிறக்கவே இல்லை. அளவீட்டில் மூன்றிலும் இதுதான் சுத்தம்.

ஆனால் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள பெரிய விமரிசனம் இங்கேதான். நல்ல அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கடையில் வாங்கிக்கொள்வாய் என்ற நினைப்பிலேயே சுற்று வரைந்திருக்கிறது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் அது நியாயம். இங்கே நாம் போவது மோட்டார் காயில் கட்டும் கடைக்கு. முதல் தடவை அங்கே எனக்குக் கட்டிக் கொடுத்ததில் பிரைமரி முழுக்க உள்ளே, செகண்டரி முழுக்க வெளியே. புத்தகத்தில் உள்ளபடி ஃபீட்பேக்கைச் சேர்த்ததும் ஆம்ப் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஊளையிட ஆரம்பித்தது. ஆஸிலோஸ்கோப்பில் 60 கிலோ ஹெர்ட்ஸ். ஸ்கோப் இல்லாதவருக்குத் தெரிவது வால்வு சூடாவதும் சத்தம் கரகரப்பதும்தான். பிரைமரியையும் செகண்டரியையும் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னேன், ஃபீட்பேக்கைப் பாதியாகக் குறைத்தேன், அடங்கியது. அந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் 2,800 ரூபாய் ஆனது. ஐந்து வால்வையும் சேர்த்தால்கூட அவ்வளவு ஆகவில்லை.

பழைய டிசைனைக் காப்பாற்ற முடியுமா?

முடியும் என்று பார்த்தேன். அதே காயில் கடைக்காரரிடம் அந்த 230க்கு 9 ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்து, தகடுகளைப் பிரித்து, எல்லா 'ஈ' தகடும் ஒரு பக்கம், எல்லா 'ஐ' தகடும் மறு பக்கம், நடுவில் மெல்லிசாக ஒரு இன்சுலேஷன் பேப்பர் வைத்துக் கட்டச் சொன்னேன். இதுதான் காற்று இடைவெளி. "இப்படி வச்சா கரண்டுல போட்டா சுடும் சார்" என்றார். கரண்டில் போடப் போவதில்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

கட்டிய பிறகு பிரைமரி இண்டக்டன்ஸ் 6 ஹென்ரி சுற்று வந்தது. பென்டோடாக ஓட்டினால் இது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேறாது. அதே இஎல்84இன் ஸ்க்ரீனை 100 ஓம் மின்தடை வழியாக ப்ளேட்டோடு சேர்த்து ட்ரையோடாக்கி, கேத்தோடு மின்தடையை 270 ஓம் ஆக்கினேன். உள் மின்தடை 38 கிலோ ஓமிலிருந்து சுமார் 2 கிலோவுக்கு விழுகிறது. அதே 6 ஹென்ரி இப்போது 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். நேர் மின்னோட்டமும் 35 பக்கம் குறைந்து கோருக்கு நிம்மதி. ஸ்பீக்கர் பார்க்கும் மூல மின்தடை 60 ஓமிலிருந்து 3 ஓம் சொச்சம், 11 டெசிபல் மேடு 2 டெசிபலாகத் தேய்கிறது. கொடுத்த விலை, அஞ்சரை வாட் இருந்த இடத்தில் ரெண்டு வாட்டுக்கும் குறைவு. திண்ணையில் உட்கார்ந்து கேட்க அது தாராளம்.

காது என்ன சொல்கிறது

பொங்கலுக்குக் காட்டூர் போனபோது ஒரு சோதனை செய்தோம். ட்ரையோடு இஎல்84, 5-10, கூடவே ஒரு டிடிஏ2030 சிப் ஆம்ப். மூன்றையும் ஸ்பீக்கர் முனையில் 1 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு வோல்ட் வரும்படி மீட்டர் வைத்துச் சமப்படுத்தினோம். இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள், கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் எப்போதும் ஜெயிக்கும். தம்பி நாணயம் சுண்டி மாற்றினான், நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு ஜோடிக்கும் 12 தடவை.

5-10க்கும் சிப்புக்கும்: 12இல் 7 சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் வரும் அளவு. ட்ரையோடுக்கும் சிப்புக்கும்: 12இல் 11. குருட்டாம்போக்கில் இது வர ஆயிரத்தில் மூன்று வாய்ப்புதான். சரி, வால்வு மந்திரம் இருக்கிறது என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். அப்புறம் ஒரு விஷமம் செய்தேன். சிப் ஆம்ப்பின் அவுட்புட்டில் தொடராக ஒரு 3.3 ஓம் மின்தடையைச் சொருகி, மறுபடி சத்தத்தைச் சமப்படுத்தினோம். இப்போது 12இல் 7. ரெண்டு ரூபாய் மின்தடையில் என் மந்திரம் போய்விட்டது. இடத்தை மாற்றி உட்கார்ந்து தம்பியும் செய்தான்: அவனுக்கு 6.

ஒரே ஸ்பீக்கர், ரெண்டு பேர், வீட்டுச் சத்தம். இதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன். சத்தத்தை ஏற்றி வால்வை அதன் எல்லைக்குத் தள்ளினால் கதை வேறாக இருக்கும். ஆனால் அந்த மேஜையில், அந்த அளவு சத்தத்தில், "வால்வு டோன்" என்று நான் காது கொடுத்து ரசித்ததில் பெரும்பங்கு மூல மின்தடைதான்.

என் தீர்ப்பு

நல்ல சத்தம் மட்டும்தான் வேண்டும், காசு கம்மி என்றால், சிப் ஆம்ப் கட்டுங்கள், மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். இதை வால்வு விசிறியாக இருந்துகொண்டுதான் சொல்கிறேன்.

வால்வுதான் வேண்டும் என்றால், முதல் ஆம்ப்புக்கு ட்ரையோடாக்கிய ஒற்றை இஎல்84, இடைவெளி வைத்த ட்ரான்ஸ்ஃபார்மர், முன்னால் ஒரு இசிசி83, நடுவில் புது பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர். அளந்து கட்டும் பொறுமையும் ஸ்கோப்பும் இருந்தால் 5-10. இசிஎல்82ஐ 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று சத்தியம் பண்ணினால் அதுவும் சரி. 3-3ஐ ரெண்டாவது ஆம்ப்பாகக் கட்டுங்கள், ரெக்டிஃபையர் வால்வோடு.

செலவு, ஒரு சேனலுக்கு, என் பில்களைக் கூட்டினால்: வால்வு 900, சாக்கெட் மின்தடை கெப்பாசிட்டர் 850, பவருக்கு ரெண்டு ட்ரான்ஸ்ஃபார்மர் 800, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் கட்டுக்கூலியும் 1,600, சேஸிஸ் 400. மொத்தம் 4,550. பாதிக்கு மேல் இரும்பும் செம்பும். "ரெண்டாயிரம்" என்று நான் எழுதிய தலைப்பு, இந்த இரும்பைக் கழித்து எழுதிய தலைப்பு. மிச்சம் பிடிப்பதானால் வால்வில் பிடிக்கலாம், 6பி14பி போதும். இரும்பிலும் ப்ளீடரிலும் பிடிக்கக் கூடாது.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதைப் பார்த்துக் கட்டியவர்கள் தேடி வந்தால் காணோம் என்று ஆகக் கூடாது. மேலே சிவப்பில், "இதை இப்படியே கட்ட வேண்டாம்" என்று போட்டு, இந்தப் பதிவுக்கு வழி காட்டியிருக்கிறேன். ஏற்கனவே கட்டியிருந்தால் ஆம்ப்பை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மீட்டரை வைத்துப் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, ப்ளீடரை இன்றைக்கே பற்றவையுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பியின் ஆம்ப்பை நானும் அவனும் சேர்ந்து பிரித்து மறுபடி கட்டினோம். இப்போது ப்ளீடர் ரெண்டு இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்று. சாக்கெட்டுக்கு மாசம் ஒரு தடவை கான்டாக்ட் க்ளீனர். காயில் கட்டிய செலவை நான் கொடுத்தேன். சித்தி இன்னும் அதன் பக்கத்தில் போவதில்லை.